கலப்பும் கலப்படமும் ஒன்றல்ல: பிரெஞ்சு வெள்ளை ஒயின் கலவைகளும் அவற்றுக்கு ஏற்ற உணவும்

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று வகைத் திராட்சைகளைக் கலந்து பிரான்ஸில் செய்யப்படும் வெள்ளை ஒயின்கள், ஒரே திராட்சையில் செய்தவற்றைவிடத் தரத்தில் குறைந்தவையா என்பது ஒன்று. அவற்றின் குணம் என்ன, எந்த உணவோடு அருந்தலாம் என்பது மற்றொன்று. முதல் பகுதிக்குப் பின்னால் ஒரு சொல்லின் நிழல் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் 'கலப்பு' என்றாலே 'கலப்படம்' என்று காதில் விழுந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்க வேண்டும். அதை இரண்டு சொற்களை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். ஒரே பண்ணையின் வெவ்வேறு திராட்சைகளையும் வெவ்வேறு துண்டு நிலங்களின் விளைச்சலையும் தனித்தனியாக நொதிக்கவைத்து, பிறகு சுவைத்துப் பார்த்து ஒன்றுசேர்ப்பதை 'அசாம்ப்ளாஜ்' என்கிறார்கள். எங்கிருந்தோ வந்த ஒயின்களை ஒன்றோடொன்று ஊற்றிக் குறையை மறைப்பதற்கு 'கூப்பாஜ்' என்று பெயர். அதைச் சொல்லும்போதே முகம் சற்றுச் சுளிக்கும். இந்தப் பதில் முதலாவதைப் பற்றியது.

பிரான்ஸில் எல்லா வட்டாரமும் கலப்பதில்லை. பர்கண்டியின் புகழ்பெற்ற வெள்ளை ஒயின்கள் ஷார்டனே ஒன்றில் மட்டும் செய்யப்படுகின்றன. லுவார் ஆற்றங்கரையின் சான்சேர் வெள்ளை முழுக்க முழுக்க சோவினியோன் ப்ளாங்தான். போர்தோவும் ரோன் ஆற்றின் தென்பகுதியும் தென்மேற்குப் பிரான்ஸும் வேறு வழியில் போயின. போர்தோ அட்லாண்டிக் கடலுக்கு அருகில் இருக்கிறது. பூக்கும் காலத்தில் மழை, வசந்தத்தில் உறைபனி, அறுவடைக்கு முன்னால் ஈரம் என்று ஆண்டுக்கு ஒரு தொல்லை வரும். ஒரே திராட்சையை நட்டவன் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழக்கக்கூடும். முன்னும் பின்னுமாகப் பழுக்கும் இரண்டு மூன்று வகைகளை நட்டவனுக்கு ஏதாவது ஒன்று கைகொடுக்கும். ஆக, கலவை என்பது முதலில் உழவனின் முன்னெச்சரிக்கையாகத் தொடங்கி, பிறகு சுவையின் இலக்கணமாக மாறியது. இதனால் இது தரம் குறைந்தது ஆகிவிடாது. உலகின் மிக விலையுயர்ந்த வெள்ளை ஒயின்களில் சில, குறிப்பாக ஓ-ப்ரியோன் வெள்ளையும் ஷாத்தோ திக்கெமும், கலவைகளே.

போர்தோவின் வெள்ளைக் கலவையில் பெரும்பாலும் இருவர், சில சமயம் மூவர். சோவினியோன் ப்ளாங் புளிப்பையும் முகர்ந்தவுடன் எழும் வாசனையையும் தருகிறது: பம்பளிமாஸ் தோல், நசுக்கிய பச்சை இலை, எலுமிச்சை. இந்த வாசனையில் ஒரு விந்தை உண்டு. கொடியிலிருந்து பறித்த சோவினியோன் பழத்தை வாயில் போட்டு மென்றால் முதலில் வெறும் இனிப்பும் புளிப்பும்தான் தெரியும். விழுங்கிச் சில நொடிகள் கழிந்த பிறகே அந்தப் பரிச்சயமான மணம் தொண்டையிலிருந்து மேலேறி வரும். பழத்தில் மணமற்ற மூலப்பொருள்களாக அடைபட்டுக் கிடப்பவற்றை நொதித்தலின்போது ஈஸ்ட் அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்து வருபவை தையோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். போர்தோ பல்கலைக்கழகத்தின் டெனி துபூர்தியுவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 2016-இல் மறைந்த துபூர்தியு பேராசிரியராக மட்டுமன்றி ஒயின் செய்பவராகவும் இருந்ததால், இன்றைய போர்தோ வெள்ளை ஒயினின் தெளிவான வாசனைக்கு அவருடைய வேலை ஒரு முக்கியமான காரணம்.

செமியோன் இதற்கு நேர் எதிர். இளமையில் அதன் வாசனை அடங்கியே இருக்கும், புளிப்பும் குறைவு. ஆனால் நாக்கின் நடுவில் அது வந்து உட்காரும் விதம் வேறு எந்தத் திராட்சைக்கும் எளிதில் வாய்க்காது. எண்ணெய் தடவியதுபோன்ற ஒரு வழவழப்பு, ஒரு கனம். வயது கூடக்கூடத் தேன்மெழுகு, வாட்டிய ரொட்டி, உலர்ந்த எலுமிச்சைத் தோல் என்று வாசனைகள் மெல்ல எழும். மூன்றாவதான மஸ்கதேல் பூ வாசனைக்காகச் சிட்டிகை அளவே சேர்க்கப்படுகிறது. நோய்க்கு எளிதில் ஆட்படுவதால் அதை நடுபவர்களும் குறைவு. சோவினியோன் மட்டும் இருந்தால் ஒயின் முன்வாசலில் நின்று உரக்கப் பேசிவிட்டு உள்ளே வராமல் போய்விடும். செமியோன் மட்டும் இருந்தால் உள்ளே வந்து அமர்ந்துகொண்டு வாய் திறக்காது.

இதை நான் விளங்கிக்கொண்டது ஒரு மேசையருகில்தான். போர்தோவின் கிராவ் வட்டாரத்தில் ஒரு சிறிய பண்ணை, பிப்ரவரி மாதம், கிடங்கில் மூச்சுவிட்டால் ஆவி தெரிகிற அளவுக்குக் குளிர். பீப்பாய்களிலிருந்து எடுத்த மாதிரிகள் எண்ணிட்ட புட்டிகளில் வரிசையாக இருந்தன, பக்கத்தில் 100 மில்லி அளவு உருளை ஒன்று. பண்ணைக்காரர் முதலில் 80 மில்லி சோவினியோனும் 20 மில்லி செமியோனும் ஊற்றிக் கொடுத்தார். வாசனை துள்ளியது, விழுங்கியதும் காணாமல் போனது. அடுத்து 70, 30. பிறகு 60, 40. மூன்றாவது கோப்பையில் வாசனை ஒரு படி தணிந்திருந்தது, ஆனால் விழுங்கிய பிறகு நாக்கில் எலுமிச்சையும் மெழுகும் கலந்த ஒரு சுவை நின்றது. அதற்கு மேலும் செமியோனைக் கூட்டியபோது எல்லாம் மங்கிப்போனது. ஐந்து மில்லி இந்தப் பக்கம், ஐந்து மில்லி அந்தப் பக்கம் என்று மாலைவரை நடந்த அந்த வேலையில் அவர் ஒருமுறைகூட வாசனைகளின் பெயரைச் சொல்லவில்லை. 'நீளம் போதவில்லை', 'நடுவில் பள்ளம்', 'முடிவு கசக்கிறது' என்று வடிவத்தைப் பற்றியே பேசினார். உணவைப் பொருத்துவதற்கும் இதுவே வழி என்பது என் கருத்து. கலவை ஒயினில் பம்பளிமாஸ் மணக்கிறதா, பீச் மணக்கிறதா என்று தேடி அதற்கேற்ற தட்டை யோசிப்பதைவிட, புளிப்பு எவ்வளவு, கனம் எவ்வளவு, இனிப்பு மிச்சமிருக்கிறதா, முடிவில் கசப்பு உண்டா என்ற நான்கையும் பார்த்தால் பெரும்பாலும் தவறாது.

அந்த அளவுகோலில் பார்த்தால் பிரெஞ்சு வெள்ளைக் கலவைகள் இரண்டு பெருங்குடும்பங்களாகப் பிரிகின்றன. புளிப்பு முதுகெலும்பாக நிற்கும் மேற்குக் கடலோரக் குடும்பம் ஒன்று. கனமும் மெல்லிய கசப்பும் தாங்கிப்பிடிக்கும் ரோன் பள்ளத்தாக்குக் குடும்பம் மற்றொன்று. இனிப்பு ஒயின்கள் தனிக்கிளை. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் கடையில் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

மேற்குக் குடும்பத்தில் எளியது ஆந்த்ர-தெ-மேர். 'இரு கடல்களுக்கு இடையில்' என்று பொருள். கடல் என்று அவர்கள் சொல்வது கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரும் கரோன், தோர்தோன்யு என்ற இரண்டு ஆறுகளை. சோவினியோன் தலைமையில் செமியோனும் சிறிது மஸ்கதேலும் சேர்ந்து, பெரும்பாலும் மரப்பீப்பாயைத் தொடாமல் எஃகுத் தொட்டியிலேயே முடிந்து, ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிட வேண்டிய ஒயின் இது. இதற்கு ஏற்ற துணை மேற்கே ஓர் ஒன்றரை மணிப் பயணத்தில் ஆர்காஷோன் விரிகுடாவில் கிடைக்கிறது: வேகவைக்காத சிப்பி. அங்கே சிப்பியை ஒரு தனி முறையில் உண்கிறார்கள். குளிர்ந்த சிப்பிகள் ஒரு தட்டில், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த, கொழுப்பு மினுமினுக்கும் சிறு பன்றியிறைச்சித் தொத்திறைச்சிகள் இன்னொரு தட்டில், உப்பிட்ட வெண்ணெய் தடவிய கம்பு ரொட்டி நடுவில். சிப்பியின் உப்புநீரை விழுங்கி, சூடான தொத்திறைச்சியை ஒரு கடி கடித்து, பிறகு ஒயினை அருந்த வேண்டும். சோவினியோனின் புளிப்பு உப்பைச் சமாளிக்கிறது. செமியோனின் வழவழப்பு கொழுப்போடு இணங்கிப்போகிறது. ஒரே திராட்சையில் செய்த ஒயின் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். ஒரு எச்சரிக்கை: வினிகரில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட சாற்றைச் சிப்பியின் மேல் ஊற்றுகிற வழக்கம் பாரிஸ் உணவகங்களில் பரவலாக இருக்கிறது. வினிகரின் புளிப்பு ஒயினின் புளிப்பை விழுங்கிவிடும், மிஞ்சுவது தண்ணீர்தான். எலுமிச்சை இரண்டு சொட்டுப் போதும், அதுகூட இல்லாமல் இருந்தால் நல்லது.

இதே எளிய கலவைக்கு அஸ்பாரகஸ் நல்ல துணை. ஒயின்காரர்கள் அஞ்சும் காய்கறி அது, ஏனென்றால் அதன் பச்சைக் கந்தக வாசனை பல ஒயின்களை உலோகம்போலச் சுவைக்கவைக்கும். சோவினியோனிலோ அதற்கு உறவான பச்சை வாசனை ஏற்கெனவே இருக்கிறது. ஜிரோந்த் கழிமுகத்தின் கரையில் பிளாய் பகுதியில் விளையும் வெள்ளை அஸ்பாரகஸை வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி உண்ணும்போது செமியோன் கலந்த ஒயின் தனிச் சோவினியோனைவிட ஒரு படி மேலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்; வெண்ணெய்க்குப் பிடிமானம் வேண்டும். ஆட்டுப்பால் சீஸுக்கும் இதே காரணம் பொருந்தும். ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயை மட்டும் எந்த ஒயினோடும் வைக்காமல் விடலாம். அதிலுள்ள ஒரு பொருள் அடுத்து அருந்துவதையெல்லாம் இனிப்பாகக் காட்டிவிடும்.

போர்தோ நகரின் தெற்கு விளிம்பில் தொடங்கும் பெசாக்-லெயோன்யான் வேறு தளம். பழைய கிராவ் பகுதியின் வடபாகத்தைப் பிரித்து 1987-இல் அதற்குத் தனிப் பெயர் உரிமை, அதாவது வட்டாரப் பெயரை ஒயினுக்குச் சூட்டிக்கொள்ளும் சட்ட உரிமை, தந்தார்கள். சரளைக்கல் நிலம், பல பண்ணைகள் நகரத்து வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. இங்கே ஒயின் ஓக் பீப்பாயிலேயே நொதித்து, ஈஸ்ட் மண்டியின் மேல் மாதக்கணக்கில் கிடக்கும். அவ்வப்போது ஒரு கோலால் மண்டியைக் கிளறிவிடுவார்கள். கள் மண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மண்டி கரையக்கரைய ஒயினுக்குப் பருமனும் ரொட்டிமாவு வாசனையும் ஏறுகின்றன, பீப்பாயின் வாசனையும் உறுத்தாமல் உள்ளடங்குகிறது. பண்ணைக்குப் பண்ணை விகிதம் மாறும். தொமேன் த ஷெவாலியே சோவினியோனைப் பெரும்பான்மையாக வைக்கிறது. 2009 முதல் லா மிசியோன் ஓ-ப்ரியோன் வெள்ளை என்ற பெயரில் வரும் பழைய லாவில் ஓ-ப்ரியோன் செமியோனைச் சார்ந்தது. முன்னது பத்தாண்டுக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்கும். பின்னது அதே வயதில் அகன்று, தேன்மெழுகும் வாட்டிய பாதாமுமாக மாறியிருக்கும்.

இந்த ஒயினைச் சிப்பியோடு வைப்பது வீண்செலவு. வெண்ணெயில் பொன்னிறமாகப் புரட்டிய தட்டை மீன், கிரீமில் செய்த ஸ்காலப் சிப்பி, சிங்கி இறால், காளான் திணித்த கோழி ஆகியவைதான் இதன் தோழர்கள். உணவில் பழுப்பு நிறம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு: வெண்ணெய் கருகாமல் பழுப்பாகும்போது எழும் கொட்டை வாசனை, பீப்பாயும் மண்டியும் தந்த வாசனைக்கு உறவு. இளம் பெசாக்கை வாங்கியவர்கள் நான்கைந்து ஆண்டு காத்திருக்க முடியாவிட்டால் ஒரு மணி நேரம் முன்பாவது அகன்ற குடுவையில் ஊற்றி வைக்கட்டும். வெள்ளை ஒயினைக் குடுவையில் ஊற்றுவதா என்று மேசையில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி ரோன். வடக்கே எர்மிதாஜ் குன்று, 140 ஹெக்டேருக்கும் குறைவான பரப்பு, தான் என்ற ஊருக்கு மேலே ஆற்றை நோக்கிச் சரிந்து நிற்கிறது. அதன் வெள்ளை ஒயினுக்கு மார்சான், ரூசான் என்ற இரண்டு திராட்சைகள். மார்சான் விளைச்சலும் கனமும் தரும். பாதாம், பேரிக்காய், சற்றுக் கசப்பான முடிவு. ரூசானின் தோல் பழுக்கும்போது துருநிறம் ஏறுவதால் அதற்கு அந்தப் பெயர். மூலிகைத் தேநீர் போன்ற மணமும் கூடுதல் புளிப்பும் அதன் பங்கு; ஆனால் சாம்பல் நோய்க்கு எளிதில் இரையாகும், விளைச்சலும் நிலையில்லை. அதனால் கடந்த நூற்றாண்டில் பல உழவர்கள் அதைப் பிடுங்கி மார்சானை நட்டார்கள். எர்மிதாஜ் வெள்ளையில் இன்றும் மார்சானின் கையே ஓங்கியிருக்கிறது. தெற்கே ஷாத்தோநெஃப்-து-பாப், 1936 மே மாதம் பெயர் உரிமை பெற்ற முதல் சில வட்டாரங்களில் ஒன்று. 13 திராட்சைகளுக்கு அங்கே அனுமதி உண்டு. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த கணக்கு அது. மொத்த உற்பத்தியில் வெள்ளை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிரெனாஷ் ப்ளாங் கொழுப்பும் வெப்பமும் தருகிறது, கிளெரெத் பூ வாசனை தருகிறது, தாமதமாகப் பழுக்கும் பூர்பூலாங் புளிப்பைக் காப்பாற்றுகிறது, ரூசான் மணத்தையும் ஆயுளையும் கூட்டுகிறது.

தென்பகுதி வெயிலில் புளிப்பு என்பது தேடிச் சேமிக்க வேண்டிய பொருள். அதனால்தான் பல பண்ணைகள் விடியும் முன்னே பழம் பறிக்கின்றன. மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் கட்ட மாற்றத்தைத் தடுத்தும் விடுகின்றன. இவ்வளவு செய்தும் ஆல்கஹால் 13.5 அல்லது 14 விழுக்காட்டைத் தொடும், புளிப்பு தாழ்ந்தே இருக்கும். போர்தோ வெள்ளைக்குப் பழகிய நாக்குக்கு இது முதலில் மந்தமாகத் தோன்றும். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒயினைப் புளிப்பு நிமிர்த்திப்பிடிப்பதில்லை. முடிவில் வரும் அந்தப் பாதாம் கசப்பும் உப்புத்தன்மையுமே அதைத் தாங்குகின்றன. இதைப் புரிந்துகொண்டால் உணவும் தானாகத் தெரியும். எலுமிச்சையும் தக்காளிப் புளிப்பும் ஓங்கிய தட்டை இதன் முன் வைத்தால் ஒயின் சரிந்துவிழும். ஆலிவ் எண்ணெய், பூண்டு, குங்குமப்பூ, பெருஞ்சீரகக் கிழங்கு என்று கொழுப்பும் மணமும் நிறைந்த, புளிப்புக் குறைந்த சமையலில் அது நிமிர்ந்து உட்காரும்.

மார்செய்யின் பூயாபேஸ் இதற்குச் சரியான பரீட்சை. பாறை மீன்களைக் குழையவிட்டு எடுத்த சாறு, குங்குமப்பூ, பெருஞ்சீரகம், ஆரஞ்சுத் தோல். மேலே பூண்டும் மிளகாயும் எண்ணெயும் அரைத்த ரூய் என்ற விழுது தடவிய ரொட்டித் துண்டு மிதக்கும். இந்தக் காரமும் பூண்டும் மெலிந்த சோவினியோனைக் கிழித்துப்போட்டுவிடும். நகரத்துக்குக் கிழக்கே சுண்ணாம்புப் பாறைகளின் கீழ் இருக்கும் காசிஸ் துறைமுகத்தின் வெள்ளை ஒயின், மார்சானும் கிளெரெத்தும் முன்னிற்கும் கலவை, அதே சாற்றின் முன் அசையாமல் நிற்கும். 1936-இல் ஷாத்தோநெஃப்போடு சேர்ந்தே பெயர் உரிமை பெற்ற ஊர் அது. சிவப்பை விட்டுவிட்டு வெள்ளையையே பெரிதும் செய்கிறது. நீம் நகரத்து ப்ராந்தாத், அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து ஆலிவ் எண்ணெயோடு வெண்ணெய்போல் அடித்தெடுத்த விழுதுக்கும், பூண்டு விழுது சேர்த்த வேகவைத்த காய்கறிக்கும் இந்தக் குடும்பத்தில் எதுவும் பொருந்தும். வடக்கின் எர்மிதாஜ் இவற்றைவிடச் செழுமையான தட்டைக் கேட்கும்: லியோன் நகரத்தின் கிரீம் சாற்றில் மிதக்கும் மீன் கொழுக்கட்டைகளான கெனெல், கறுப்பு ட்ரஃபிள் காளான் செருகிய கோழி. ஒன்று கவனிக்க வேண்டும். எர்மிதாஜ் வெள்ளை முதல் மூன்று நான்கு ஆண்டுகள் அழகாக இருந்துவிட்டு, பிறகு சில ஆண்டுகள் வாய் மூடிக்கொள்ளும்; நிறம் ஆழ்ந்து, கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பத்து வயதைத் தாண்டியதும் தேனும் வறுத்த கொட்டையுமாகத் திரும்பிவரும். இடைப்பட்ட ஆண்டில் திறந்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டியவர்களை அறிவேன்.

இனிப்புக் கலவைகளில் போர்தோவின் சோத்தேர்னுக்கு மட்டும் நின்று பேச வேண்டும். குளிர்ந்த சிரோன் ஓடை, வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்கால விடியலில் மூடுபனி எழும். நண்பகலில் வெயில் அதைக் கலைத்துவிடும். அந்த ஈரத்தில் செமியோனின் மெல்லிய தோலில் போத்ரிடிஸ் என்ற பூஞ்சை பிடிக்கிறது. வெயிலில் பழத்தின் நீர் ஆவியாகிச் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. ஒரே நாளில் எல்லாப் பழமும் அந்த நிலையை எட்டாது என்பதால் அறுவடைக்காரர்கள் வாரக்கணக்கில் திரும்பத்திரும்பத் தோட்டத்துக்குள் போய், சுருங்கிய மணிகளை மட்டும் பொறுக்குவார்கள். ஹெக்டேருக்கு 25 ஹெக்டோலிட்டர் (2,500 லிட்டர்) என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம். பல பண்ணைகள் அதன் அருகில்கூட வருவதில்லை. கலவையில் செமியோன் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது வழக்கம். சோவினியோனின் புளிப்பு இல்லாவிட்டால் அந்த இனிப்பு திகட்டிவிடும். போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த 1855 பட்டியலில் தனிப் படியில் வைக்கப்பட்ட திக்கெம், ஆண்டு சரியில்லை என்று 2012-இல் இனிப்பு ஒயினையே வெளியிடவில்லை.

சோத்தேர்னோடு கொழுத்த வாத்து ஈரலை விருந்தின் தொடக்கத்திலேயே பரிமாறுவது பிரெஞ்சுப் பண்டிகை வழக்கம். சுவை பொருந்துகிறது, மறுக்க முடியாது. ஆனால் அதன் பிறகு வரும் எந்த உப்பான தட்டும், எந்த உலர் (இனிப்பற்ற) ஒயினும் எடுபடாது. இனிப்பை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாம்பாரில் கைவைத்த கதைதான். என் விருப்பம் விருந்தின் கடைசியில் ரோக்ஃபோர் சீஸ். செம்மறிப் பாலின் கொழுப்பும், நீலப் பூஞ்சையின் காட்டமும், கூர்மையான உப்பும் அந்த இனிப்போடு மோதும்போது இரண்டும் ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. வயதான சோத்தேர்னை, ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்துக்கு வந்த பிறகு, தோல் மொறுமொறுப்பாக வறுத்த கோழியோடு உண்ணும் வழக்கம் அந்த ஊர் ஒயின்காரர்களிடம் இருக்கிறது. நம்பாமல் முயன்று பார்த்தவர்கள் மனம் மாறியிருக்கிறார்கள். பழ இனிப்பு வகைகளில் ஒயினைவிட இனிப்பானது எதுவும் வேண்டாம். ஒயின் புளித்துப்போனதுபோலத் தெரியும்.

தென்மேற்கில் கஸ்கோன் பகுதியின் கொலம்பார், யூனி ப்ளாங் கலவை, ஒரு காலத்தில் அர்மன்யாக் சாராயம் வடிப்பதற்கென்றே நடப்பட்ட திராட்சைகளிலிருந்து வருகிறது. மலிவு, புத்துணர்ச்சி, ஆல்கஹால் குறைவு. வெயில் நாளில் குளிர்ந்த கோழிச் சாலட்டோடு போதுமானது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிரனேய் மலையடிவாரத்து ஜுரான்சோனின் உலர் வகை தனித்து நிற்கிறது: க்ரோ மாங்சாங்கும் பெத்தி மாங்சாங்கும் கூர்மையான புளிப்போடு மாம்பழமும் தேனும் நினைவூட்டும் மணம் தருகின்றன. 1553-இல் போ நகரில் பிறந்து பின்னாளில் பிரான்ஸின் மன்னரான நான்காம் ஹென்றியின் பிஞ்சு உதட்டில் பூண்டு தடவி ஜுரான்சோன் ஒயினைச் சொட்டுவிட்டார்கள் என்பது அந்த ஊரின் விருப்பமான கதை. அதே மலைகளின் செம்மறிப்பால் சீஸான ஒசோ-இராத்திக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

கிழக்குப் பிரான்ஸின் அல்சாஸில் கலவை என்றால் ஏதெல்ஸ்விக்கர். விகிதத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாததால் தரமும் புட்டிக்குப் புட்டி மாறும். 'ஜான்தி' என்று எழுதியிருந்தால் ரீஸ்லிங், மஸ்கா, பினோ கிரி, கெவுர்ஸ்ட்ராமினர் ஆகியவை குறைந்தது பாதி இருக்க வேண்டும் என்பது விதி. கிரீம், வெங்காயம், பன்றியிறைச்சி பரப்பிய மெல்லிய தார்த் ஃப்ளாம்பேயோடும், புளித்த முட்டைக்கோஸ் உணவான ஷூக்ரூத்தோடும் அருந்துகிறார்கள். ஜான்தியில் அநேகமாகச் சிறிது இனிப்பு மிச்சமிருக்கும், ஆல்கஹாலும் அளவோடு இருக்கும் என்பதால், பாரிஸ் லா ஷப்பேல் பகுதியில் சாமான் வாங்கி வீட்டில் மிளகாய் தாராளமாகப் போட்டுச் சமைக்கும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். 14 விழுக்காட்டு ரோன் வெள்ளை மிளகாயின் எரிச்சலை ஊதிப் பெரிதாக்கும். புளிக்குழம்புக்கு எதுவும் வேண்டாம். புளியின் முன் எந்த ஒயினும் தோற்கும்.

ஷாம்பெயினும் பெரும்பாலும் கலவையே என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஷார்டனேயோடு பினோ நுவார், மொனியே என்ற இரண்டு கறுந்தோல் திராட்சைகளின் வெளிறிய சாறு சேர்கிறது. முந்தைய ஆண்டுகளின் சேமிப்பு ஒயினும் சேர்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடையில் நிற்கும்போது ஒரு சிக்கல் வரும். போர்தோ, ரோன் புட்டிகளின் முன்பக்கச் சீட்டில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஊர்ப்பெயர்தான் இருக்கும். பின்பக்கச் சீட்டில் விகிதம் அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சட்டப்படி அச்சிட வேண்டிய ஆல்கஹால் அளவைப் பாருங்கள்: 12 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் புளிப்புக் குடும்பம், சிப்பியும் மீனும் ஆட்டுப்பால் சீஸும், 14-ஐ நெருங்கினால் கனமான குடும்பம், எண்ணெயும் கிரீமும் பூண்டும். எளிய கலவையை 8 முதல் 10 பாகை செல்சியஸுக்குள் குளிரவைக்கலாம். பீப்பாயில் வளர்ந்த பெசாக்கையும் எல்லா ரோன் வெள்ளையையும் 12 பாகைக்கு அருகில், அதாவது குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் கழித்துப் பரிமாற வேண்டும். அதற்கு முன் ஊற்றினால் மார்சானின் கசப்பு மட்டும் தெரியும், பாதாம் தெரியாது. சந்தேகமிருந்தால் புட்டியைத் திறந்தவுடன் ஒரு கோப்பை ஊற்றி மேசையிலேயே விட்டுவிட்டு, கோழி அடுப்பிலிருந்து இறங்கும்போது அதையே மறுபடி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள்.